சண்டை வந்தால் எந்த ஊரில் பேசுவது?

ஒரகடத்தில் பெரிய ரோடு வருவதற்கு முன்னால், வண்டித் தடம் மட்டும் இருந்த காலத்திலேயே ஷெட் போட்டவன் நான். அஸ்திவாரம் தோண்டினால் பாறை வந்தது. அந்தப் பாறையை உடைத்து அதையே அஸ்திவாரமாகப் போட்டேன். கரண்ட் வராது என்றார்கள். ஆபீஸ் வாசலிலேயே படுத்துக் கிடந்து கம்பத்தை நட வைத்தேன். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்த பேங்க் மேனேஜர், பிற்பாடு அதே கையெழுத்துக்காகப் படப்பையில் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பள்ளிக்கூடத்தை நான் விட்டேனா, பள்ளிக்கூடம் என்னை விட்டதா என்பது இன்றைக்கும் தீராத வழக்கு. ஆனால் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் எந்தக் கம்பெனியிலிருந்து இயந்திரச் சாமான் கடல் தாண்டினாலும், அதைச் சுற்றியிருக்கும் மரப்பெட்டி என்னுடையது. புழு பூச்சி வராதபடி மரத்தை வேகவைக்கும் சூட்டறையை இந்தப் பக்கத்தில் முதலில் கட்டியவனும் நான்தான். யாரும் கை கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன்.

இத்தனையும் கட்டியவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு டீயைக் கையில் வாங்குவதற்கு முன்னால், "இந்த டீயால நமக்குள்ள சண்டை வந்தா எந்த ஊர்ல பேசுறது?" என்று கேட்ட மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் என்னிடம் வேலை பார்த்தார்.

பெயர் ஷரத்து. அம்மா அப்பா வைத்த பெயர் வேறு. எதைப் பேசினாலும் "ஷரத்து இன்னா சொல்லுது?" என்று ஆரம்பிப்பார்; அதனால் ஊரே ஷரத்து சார் என்றது. மண்ணூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். முழுக்கைச் சட்டை, கழுத்து வரைக்கும் பொத்தான். ஒரு சாவு வீட்டிலிருந்து இன்னொரு சாவு வீட்டுக்குப் போகிற வழியில் உங்களைச் சந்தித்தது போல எப்போதும் ஒரு முகம். தென் மாவட்டத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த பையன்கள் தங்கும் லைன் வீட்டில், மாடியில் தனியாக ஒரு அறை. வெளிநாட்டுக் கம்பெனிகளோடு போடும் ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்வதுதான் அவர் தொழில். எங்களைப் போன்ற சின்ன ஷெட்காரர்களுக்கு வக்கீல் வைக்க வக்கில்லாத காலத்தில், எங்கள் எல்லோருக்கும் அவர்தான் கண்.

அந்த டீக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரகடம் கூட்டு ரோட்டில் டீக்கடை. மாஸ்டர் டம்ளரை நீட்டுகிறார். ஷரத்து கையை நீட்டவில்லை. கேள்வியைத்தான் நீட்டினார்.

"சார், இன்னா சண்டை வரப்போவுது? குடிச்சிட்டுப் போ சார்," என்றார் மாஸ்டர்.

"வராது. வந்தா?"

"வந்தா இங்கியே பேசு."

"இது உன் கடை. உன் கடையில நின்னு உன் டீ சரியில்லன்னு நான் எப்பிடிப்பா பேசுவேன்? உன் ஆளுங்க நாலு பேரு கீறாங்க."

"அப்ப உன் வூட்ல பேசலாம் வா."

"அது உனக்கு நியாயம் இல்ல. நடுவுல ஒரு இடம் சொல்லு."

பின்னால் டீக்கு நின்றவர்கள் கத்த ஆரம்பித்தார்கள். கடைசியில் எதிரே இருந்த பஞ்சர் கடை என்று முடிவானது. வேடிக்கை என்னவென்றால், அதற்கப்புறம் அந்தக் கூட்டு ரோட்டில் எவனுக்கு எவனோடு தகராறு வந்தாலும் நேரே பஞ்சர் கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே அந்த ஆள் தீர்ப்புச் சொல்வார். "நான் எப்ப ஜட்ஜ் ஆனேன்னு எனக்கே தெரியல," என்று என்னிடம் அழுதிருக்கிறார்.

ஷேர் ஆட்டோவிலும் இதே கதை. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போகிற ஆட்டோ. ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டு டிரைவரிடம் கேட்டார்: "கால வெச்சதுலேருந்தே நான் உன் பொறுப்பா, இல்ல வண்டி கெளம்புனதுலேருந்தா?" கப்பல் வியாபாரத்தில் அது பெரிய கேள்வி. சரக்கு எந்த இடத்தில் எவன் தலைக்கு மாறுகிறது என்று பார்க்காவிட்டால் குடி முழுகும். ஆனால் ஆட்டோ டிரைவருக்குக் கப்பல் தெரியாதே! கிளட்சை விட்டான். ஷரத்து ரோட்டில் விழுந்தார். ஓடிப்போய்த் தூக்கினேன். முழங்கையில் ரத்தம். அவர் முகத்தில் மட்டும் ஒரு திருப்தி.

"பாத்தீங்களா மொதலாளி? இதுக்குத்தான் கேட்டேன்."

என் மகள் நிச்சயதார்த்தத்தில் அவர் செய்ததை எழுதினால் என் சம்பந்தி மறுபடியும் பேச்சை நிறுத்திவிடுவார். இருந்தாலும் எழுதுகிறேன். பத்திரிகை வாசித்து முடித்து, தட்டு மாற்றப்போகிற நேரம். சபை நடுவே எழுந்து நின்று, "ரெண்டு குடும்பத்துக்கும் வணக்கம். பொண்ணுக்கும் மாப்ளைக்கும் மனஸ்தாபம் வந்தா எந்த ஊர்ல பேசுறதுன்னு இதுல போடவே இல்லியே," என்றார். மாப்பிள்ளையின் சித்தப்பா எழுந்துவிட்டார். "இன்னாயா பேச்சு இது? இப்பவே பிரிச்சிடுவ போலக்கீதே!" நான்தான் ஷரத்தை இழுத்துக்கொண்டு போய்ப் பந்தியில் உட்கார வைத்தேன். அவர் இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "நான் தப்பா ஒண்ணும் கேக்கல," என்றார். இப்போது என் மகளும் மருமகனும் முறைத்துக்கொண்டால் அவர் வீட்டுக்கும் போகாமல் இங்கேயும் வராமல், ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் எதிரெதிரே உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இந்தப் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். அவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

முன்னே ஒரு தோல் செருப்பு ஏற்றுமதிக் கம்பெனியில் ஒப்பந்தம் டைப் அடிக்கிற கிளார்க்காக இருந்தாராம். ஏற்றுமதி ஒப்பந்தங்களில் கடைசிப் பக்கத்துக்கு முன்னால் ஒரு வரி வரும்: தகராறு வந்தால் இன்ன ஊரில், இன்ன விதமாக நடுவர் முன்னால் தீர்த்துக்கொள்வது என்று. யாரும் படிக்காத வரி. விலை பேசி, தேதி பேசி, களைத்துப்போய் எல்லோரும் கிளம்புகிற நேரத்தில் வருகிற வரி. வாங்குகிறவன் தன் ஊர்ப் பெயரைச் சொன்னான். இவர் டைப் அடித்தார். முதலாளி கையெழுத்துப் போட்டார். பிறகு சரக்கில் சண்டை. விசாரணை அந்த ஊரில், பனிக்காலத்தில். முதலாளிக்கு நெஞ்சு வலி, விமானம் ஏறக்கூடாது. அங்கே வக்கீல் வைக்க வழியில்லை. நாற்காலி காலியாக இருக்க, எதிராளி சொன்னதே தீர்ப்பாயிற்று. கம்பெனி போயிற்று. முதலாளி அதற்கப்புறம் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்து செத்தாராம்.

"ஒரு ஊர் பேரு மொதலாளி. ஸ்பெல்லிங் கூட சரியா அடிச்சேன்," என்றார் ஷரத்து.

அதன் பிறகு நான் அவரைக் கேலி செய்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். முழுசாக நிறுத்தவில்லை.

இனி பெரிய கதைக்கு வருகிறேன். 2008 வாக்கில், ஐரோப்பாவில் ஒரு பெரிய இயந்திரக் கம்பெனி, எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வாங்கும் உதிரிச் சாமான்களை அனுப்பப் பெட்டி வேண்டும் என்று என்னைத் தேடி வந்தது. அவர்கள் என்னைத் தேடி வந்தார்கள், இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். அவர்கள் வரைபடப்படி, அவர்கள் அளவுக்கு மட்டும் பொருந்துகிற பெட்டி. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஓட்டலில் பேச்சுவார்த்தை. அவர்கள் பக்கம் ஒரு வெள்ளைக்காரர், நல்ல மனுஷன், காரம் தாங்காமல் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். என் பக்கம் நானும் ஷரத்தும்.

ஷரத்து ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தார். தாமதமானால் அபராதம்? சரி. அவர்கள் ஆள் எப்போது வேண்டுமானாலும் வந்து சோதிக்கலாம்? சரி. ஒப்பந்தத்துக்கு அவர்கள் நாட்டுச் சட்டம்? சரி. நான் மேஜைக்கு அடியில் அவர் காலை உதைத்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டார். இடைவேளையில் வராந்தாவில் பிடித்தேன்.

"யோவ், என் வேட்டிய மட்டும்தான் விட்டு வெச்சிருக்க. அதையும் குடுத்துட்டு வந்துடுவியா?"

"வேட்டி போனா வேற வாங்கலாம் மொதலாளி. ஊர் போனா வாங்க முடியாது."

கடைசியில் அந்த வரி வந்தது. விசாரணை அவர்கள் ஊரில் என்றார் வெள்ளைக்காரர். ஷரத்து, சென்னை என்றார். சரி, இரண்டு பேருக்கும் பொதுவாக சிங்கப்பூர் என்றார் அவர். சென்னை என்றார் இவர். டீயில் நடுவான இடம் கேட்ட மனிதர், இங்கே நடுவான இடத்தையும் ஒத்துக்கொள்ளவில்லை. ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று வெள்ளைக்காரர் கேட்க, ஷரத்து அந்தச் சாவு வீட்டு முகத்தோடு, "எங்கள் முதலாளிக்கு விமானம் ஒத்துக்கொள்ளாது," என்று இங்கிலீஷில் சொன்னார். எனக்குக் கோபமான கோபம். நான் இரண்டு தடவை பறந்தவன்! இருந்தாலும் வாயை மூடிக்கொண்டேன். வெள்ளைக்காரர் யோசித்துப் பார்த்தார். சட்டம் தன் நாட்டுது, பாஷை இங்கிலீஷ், அபராதம் தனக்குச் சாதகம். ஊர்தானே, போகட்டும் என்று விட்டுவிட்டார்.

ஒப்பந்தம் அவர்கள் கையெழுத்தோடு கூரியரில் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் கீழே அவர்கள் சுருக்கொப்பம். நான் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அன்றைக்குப் பார்த்து ஷரத்து நிஜமாகவே ஒரு சாவுக்குப் போயிருந்தார். என் வாழ்க்கையிலேயே பெரிய ஒப்பந்தம். நல்ல நேரம் பார்த்து, கிழக்கே உட்கார்ந்து, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் முதல் பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி போட்டேன். முதல் பக்கத்துக்கு மட்டும் போட்டால் மற்ற பக்கங்களுக்கு யார் காவல்? அதனால் எல்லாப் பக்கத்திலும் போட்டேன், கறுப்பு மையில், கீழே இரண்டு கோடு இழுத்து, அழுத்தமாக. அனுப்பிவிட்டேன்.

கொஞ்ச நாளில் அவர்கள் ஆபீஸிலிருந்து மெயில். ஷரத்து படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் ஒரு சாவிலிருந்து இரண்டு சாவுக்குப் போயிற்று.

"மொதலாளி, ஒவ்வொரு பக்கத்துலயும் மேல கையெழுத்துப் போட்டிருக்கற மூணாவது ஆளு யாருன்னு கேக்கறாங்க."

"எந்த மூணாவது ஆளு?"

"அவரு டைரக்டரா? பார்ட்னரா? கையெழுத்துப் போட அவருக்கு அதிகாரம் உண்டுன்னு கம்பெனி தீர்மானம் அனுப்பச் சொல்றாங்க."

எனக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் சிரித்தேன். ஷரத்து சிரிக்கவில்லை. "சிரிக்காதீங்க. ஒரு தரப்பு கையெழுத்துப் போட்ட பேப்பர்ல இன்னொரு தரப்பு எது எழுதுனாலும், அது திருத்தம். திருத்துனா அது பழைய ஒப்பந்தம் இல்ல. புதுசா நாம ஒண்ணு கேக்கற மாதிரி," என்றார்.

"பிள்ளையாரு இன்னா கேட்டாரு? கொழுக்கட்டை கேட்டாரா?"

"பதில் இன்னா எழுதட்டும்? சொல்லுங்க."

நான் சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை நானே சொன்னது: "அவருக்குக் கம்பெனியில் பங்கு எதுவும் கிடையாது. ஆனால் அவர் எங்கள் எல்லோருக்கும் மேலே. அவரைக் கேட்காமல் நாங்கள் எதையும் ஆரம்பிக்க மாட்டோம்." ஷரத்து எழுதிக்கொண்டு பேனாவை வைத்தார். "இது வேணாம் மொதலாளி," என்றார். நான் முதலாளி. அனுப்பச் சொன்னேன். அனுப்பினார்.

பெட்டிகள் வேகமாக ரெடியாயின. அந்த வேகம் எனக்கு மட்டுமே வரும். ஆனால் அதற்குள் உலகம் முழுக்க வியாபாரம் படுத்துவிட்டது. எங்கள் ரோட்டில் ஒவ்வொரு கம்பெனியாக ஷிப்டைக் குறைத்தார்கள், ஓ.டி. நின்றது. லைன் வீட்டுப் பையன்கள் பையைத் தூக்கிக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றார்கள். ஷரத்தின் கீழ் வீட்டுப் பையன் ஒருவன் வந்து, "சார், ஊருக்குப் போயிட்டு வாரேன். கம்பெனில லைன் ஆரம்பிச்சா போன் போடுங்க," என்றான். ஷரத்து அவனிடம், "எந்த ஊர்?" என்றார். அவன் சொன்னான். "சரி," என்றார். அந்த ஒரு தடவைதான் அந்தக் கேள்விக்குப் பின்னால் அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

அப்போதுதான் ஐரோப்பாவிலிருந்து கடிதம். ஒப்பந்தமே ஏற்படவில்லையாம். நாங்கள் கையெழுத்துப் போட்ட பிறகு நீங்கள் ஒவ்வொரு பக்கத்திலும் திருத்தம் செய்திருக்கிறீர்கள். உங்களுக்கு மேலே வெளியில் சொல்லாத ஒரு அதிகாரி இருக்கிறார், அவர் அனுமதி இல்லாமல் நீங்கள் எதையும் ஆரம்பிக்க மாட்டீர்கள் என்று நீங்களே எழுதித் தந்திருக்கிறீர்கள். அவர் சம்மதம் எங்கள் கைக்கு வரவில்லை. ஆகவே பெட்டி வேண்டாம்.

ஷெட் கூரை வரைக்கும் பெட்டி. அவர்கள் இயந்திரத்துக்கு மட்டும் பொருந்துகிற கோணல்மாணலான அளவு. வேறு எவனுக்கும் ஆகாது. சவப்பெட்டிக்காவது ஆகுமா என்று ஒருத்தர் வந்து அளந்து பார்த்துவிட்டு, "அகலம் ஜாஸ்தி," என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். இவை போகாவிட்டால் ஷெட்டைப் பூட்டவேண்டியதுதான். பாறையை உடைத்து நான் கட்டிய ஷெட். என்னை நம்பி ஆணி அடித்தவர்களை எந்த முகத்தோடு வீட்டுக்கு அனுப்புவது? அந்த மாதங்களில் நான் கண்ணாடியைப் பார்த்தால் ஷரத்தின் முகம் தெரிந்தது.

"தோத்துடுவோம் மொதலாளி," என்பார் தினமும் காலையில். அது அவருக்கு வணக்கம் சொல்வது மாதிரி.

"வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு?"

"வரும். ஊர் நம்ம ஊரு. அது ஒண்ணுதான் நல்ல வார்த்தை."

விசாரணை சென்னையில் நடந்தது. நடுவர், கோர்ட்டு நியமித்த ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி. வயதானவர், தமிழர், அதிகம் பேசாதவர். எதிர்த் தரப்புக்கு டெல்லியிலிருந்து ஒரு வக்கீல், கெட்டிக்காரர், மரியாதையானவர். எங்களுக்கு ஒரு வக்கீல் அம்மா; சின்ன வயசு, ஆனால் ஷரத்தைச் சாட்சி நாற்காலிக்கு அனுப்பத் துணிந்தவர் என்பதால் தைரியசாலி என்று தெரிந்தது. இந்தப் பக்கத்து வழக்கத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல ஷரத்து.

டெல்லி வக்கீல் முதலிலேயே கேட்டார், இங்கிலீஷில்: "நீங்கள் கிறிஸ்தவர். இந்தக் குறி உங்கள் மதத்தில் இல்லை. இதைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?"

ஷரத்து பதற்றத்தில் தமிழில் ஆரம்பித்துவிட்டார். "ஐயா, நான் பேப்பர் எழுதுனா மேல சின்னதா சிலுவை போடுவேன். எங்க ரோட்ல பழைய இரும்புக் கடை பாய் 786 போடுவாரு. எங்க மொதலாளி இத போடுவாரு. பேப்பர வெறுமனே ஆரம்பிக்கக் கூடாது. அவ்ளோதான் ஐயா."

வக்கீல் அம்மா மொழிபெயர்த்தார். டெல்லிக்காரர் தலையாட்டிவிட்டு, நான் சொல்லி அனுப்பிய பதில் கடிதத்தை எடுத்தார். நிறுத்தி நிறுத்திப் படித்தார். எங்கள் எல்லோருக்கும் மேலே. அவரைக் கேட்காமல் எதையும் ஆரம்பிக்க மாட்டோம். "இதை உங்கள் முதலாளி சொல்லி நீங்கள்தானே எழுதினீர்கள்?"

"ஆமாங்க."

"இதில் எது பொய்?"

ஷரத்து என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். "பொய் ஒண்ணும் இல்லீங்க," என்றார்.

ஆயுதபூஜையன்று பெட்டிகளைச் சோதிக்க அவர்கள் ஒரகடத்தில் வைத்திருந்த ஆட்களே சுழி போட்டுக் கொடுத்த காகிதங்கள் சிலவற்றை எங்கள் வக்கீல் அம்மா நீட்டினார். தாமதமாக வந்த ஆதாரம் என்று டெல்லிக்காரர் ஆட்சேபித்தார். நடுவர் அவற்றை வாங்கவில்லை. மத்தியானம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரி கட்டிக் கொடுத்த தயிர்சாதம் அப்படியே இருந்தது. ஷரத்து ஒரு வாய்கூடத் தொடவில்லை. "இந்தத் தடவ ஊர சரியா வாங்குனேன். அப்பவும் தோக்கறோமே," என்றார். என் தயிர்சாதத்தைத் தின்னாத குற்றத்துக்கு நான் அவரைத் திட்டினேன். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான்.

சாப்பாட்டுக்குப் பிறகு நடுவர் உள்ளே வந்தார். தீர்மானிக்க வேண்டிய கேள்விகளை நானே எழுதிக்கொள்கிறேன் என்றார். புது நோட்டுப் பேப்பர் ஒன்றை இழுத்து முன்னால் வைத்தார். பேனாவின் மூடியைத் திறந்தார்.

தாளின் தலையில், நடுவில், பழக்கத்தில், ஒரு சுழி போட்டார். கீழே இரண்டு கோடு.

நான் முதல் வரிசையில் இருந்தேன், பார்த்தேன். ஷரத்தை விலாவில் இடித்தேன். அவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு இடி. நிமிர்ந்தார்.

நடுவர் அடுத்த வரி எழுதப்போனவர், நிறுத்தினார். தன் பேனாவைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, டெல்லி வக்கீலைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "இந்தத் தாளிலும் அந்த மூன்றாவது ஆள் வந்துவிட்டார். நான் அவரைக் கூப்பிடவில்லை. உங்களுக்கு ஆட்சேபம் இருந்தால் இப்போதே சொல்லலாம்."

டெல்லிக்காரர் எட்டிப் பார்த்தார். மரியாதையானவர் என்றேன் அல்லவா, அவரே முதலில் சிரித்துவிட்டார். வக்கீல் அம்மா மேஜைக்குக் கீழே எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். நான் எழுந்து நின்று கும்பிட்டேன், உட்காரச் சொன்னார்கள்.

தீர்ப்பு பிறகு எழுத்தில் வந்தது. அந்தக் குறி ஒப்பந்தத்தின் எந்த ஷரத்தையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, ஒப்பந்தம் செல்லும். பெட்டிகள் கப்பல் ஏறின. ஷெட்டைப் பூட்டவில்லை. ஊருக்குப் போன பையன்களில் பாதிப்பேர் திரும்பி வந்தார்கள்; பாதிப்பேர் வரவே இல்லை.

அன்றைக்கு விசாரணை முடிந்து வெளியே வந்து படியில் நின்றோம். நான் குதிக்காத குறை. "பாத்தியா, என் பிள்ளையாரு எப்பிடி வந்தாரு!" என்றேன். ஷரத்து படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"இதையே அந்த ஊர்ல வெச்சிருந்தா, பிள்ளையாரு யாருன்னு சொல்லவே ஒரு வாரம் ஆயிருக்கும். அப்பவும் நம்பியிருக்க மாட்டாங்க," என்றார். கைக்குட்டையை மடித்துக்கொண்டே, "எங்க பழைய மொதலாளியும் பேப்பர் மேல இதான் போடுவாரு," என்றார். அவரை எழுப்பிக் கூட்டி வருவதற்குள் எங்கள் பஸ் போய்விட்டது.

அதற்கப்புறம் நான்கைந்து வருஷம் இருந்தார். நுரையீரலில் வியாதி. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது ஆபரேஷன் சம்மதப் பத்திரத்தை மூச்சு வாங்கிக்கொண்டே கடைசி எழுத்து வரை படித்தார். கவுண்ட்டர் பெண் பொறுமையிழந்து, "தாத்தா, சீக்கிரம் போடுங்க, பின்னால ஆளு நிக்கறாங்க," என்றாள். "தகராறு வந்தா எந்த ஊர்ல பேசணும்னு இதுல இல்லியேம்மா," என்றார். "உங்களுக்கு எந்த ஊர் வேணும்?" என்று கேட்டாள் அவள், கேலியாகத்தான். அவர் நிஜமாகவே யோசித்தார். "எது வந்தாலும் மொதலாளி வந்து பேசிப்பாரு," என்று சொல்லி என் பக்கம் கையைக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வாழ்நாளில் அவர் ஊர் முடிவாகாமல் கையெழுத்துப் போட்டது அந்த ஒரு தாளில்தான். பேச வேண்டி வந்தது. எவ்வளவோ பேசினேன், டாக்டரிடம் பேசினேன், பிள்ளையாரிடம் பேசினேன், அவருடைய மாதாவிடமும் போய்ப் பேசினேன். எதுவும் நடக்கவில்லை. மண்ணூர்ப் பக்கத்துக் கல்லறையில் அடக்கம். சிலுவையில் எழுதியிருந்த பெயரை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் படித்தேன். அதை இங்கே எழுத மாட்டேன். அது எனக்கு யாரோ ஒருத்தர் பெயர். குழிக்குள் இறக்கிய பெட்டி மட்டும் என் ஷெட்டில் செய்தது. சூட்டறையில் வேகவைத்த மரம். அகலம் சரியாக இருந்தது.

இப்போது எங்கள் பக்கத்துத் தொழில்காரர்களைக் கூட்டிவைத்து ஏற்றுமதி ஒப்பந்தம் பற்றி வகுப்பு நடத்துகிறார்கள். கோட்டுப் போட்ட ஒருத்தர் வந்து, திரையில் படம் போட்டு, "ஒரு பெட்டிக் கம்பெனியில் யாரோ ஒருவர் விவரம் தெரியாமல் மதக்குறி போட்டுவிட்டார், திறமையான சட்ட ஆலோசனையால் காப்பாற்றப்பட்டது," என்று இந்தக் கதையைச் சொல்கிறார். பின் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். பத்திரிகை படிக்கிற நீங்கள் சாட்சி. இதை இத்தோடு திருத்தச் சொல்லுங்கள். யாரோ ஒருவர் இல்லை, சுழி போட்டவன் நான். நான் போடாவிட்டால் வழக்கும் இல்லை, வகுப்பும் இல்லை. விவரம் தெரியாமலும் போடவில்லை, கிழக்கே பார்த்துப் போட்டேன். ஆலோசனை என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லக் கூடாது; ஊர் கேட்டவர் ஷரத்து. இரண்டு பெயரும் திரையில் வர வேண்டும், ஒரே வரியில், பக்கத்தில் பக்கத்தில். என் பெயர் பத்திரிகை ஆபீஸில் இருக்கிறது, கேட்டு எழுதிக்கொள்ளட்டும். வாழ்க்கையில் யாருக்கும் நான் முதலிடம் விட்டதில்லை. ஆனாலும், அவர் பெயரை முதலில் போட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை.